எஸ்தர் அக்கா பெயின்ட் அடிக்காமல் விட்ட சுவர்

திங்கட்கிழமை காலை மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. குரோம்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, சேறு தெறித்த புடவையோடு பள்ளிக்குள் நுழைந்தேன். அட்டெண்டர் தனம் குடையை மடக்காமல் வராந்தாவிலேயே நின்றிருந்தார். மழை படாத இடத்தில் ஏன் குடை பிடித்திருக்கிறார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

"கலாம்மா, நம்ம எஸ்தர் மேடம் பூட்டாங்களாம்."

எனக்கு உடனே புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, டைப்ரைட்டரை மூடிவிட்டு, "திங்கக்கெழம மழை வந்தா நான் லேட்டு. கேட்டா சொல்லிடு" என்று சொல்லிப் போனவர். தாமதமாக வருவார் என்றுதான் தனம் சொல்ல வருகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"நேத்து காலீலயாம். பால் காச்சிகினு இருந்தாங்களாம், தல சுத்துதுன்னு உக்காந்தாங்களாம். அவ்ளோதாம்மா" என்றார் தனம்.

கவுன்ட்டரில் பெற்றோர் இருவர் மாற்றுச் சான்றிதழ் கேட்டுக் காத்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் சொன்னேன். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்று கேட்டேன். அவர்கள் போன பிறகுதான் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன்.

நம் பள்ளி அலுவலகத்தில் எஸ்தர் அக்காவை அறியாதவர்கள் இல்லை. ஆசிரியர்களுக்குத் தெரியும், பழைய மாணவர்களுக்குத் தெரியும், சர்ச்சில் அவரோடு பாடியவர்களுக்கும் தெரியும். ஆனால் செம்பாக்கத்தில் அவருடைய வீட்டு மாடி அறையில் சில வருடங்கள் குடியிருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பள்ளி மலருக்கு இதை எழுதச் சொன்னபோது மறுக்க முடியவில்லை. எழுதிப் பழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கே கற்றுக்கொண்டது கணக்குப் பதிவியல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தொலைபேசி என்றால் பயம். படப்பையில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அது கிடையாது. எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். முதல் வாரத்தில் ஒருநாள் அது அடித்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எடும்மா."

"நீங்க எடுங்கக்கா. எனக்குப் பேச வராது."

"எனக்குப் பேச வரும். கையத் தூக்கத்தான் முடியல. நீ எடு."

எடுத்தேன். இரங்கல் கட்டுரைகளில் இந்த இடத்தில், அவர் என் கூச்சத்தைப் போக்கப் பயிற்சி கொடுத்தார் என்று எழுதுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அன்று அவருக்கு உண்மையிலேயே கையைத் தூக்க முடியவில்லை. அதை மறைக்கவும் இல்லை. கரஸ்பாண்டன்ட் சார் நின்றிருந்தால்கூட அதையேதான் சொல்லியிருப்பார்.

ஏன் அவ்வளவு சோர்வு என்பது அந்த மழைக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. முடிச்சூர் தாண்டிச் சாலையில் தண்ணீர் நின்றால் படப்பை பஸ் வராது. இரண்டு முறை வேலைக்குப் போக முடியாமல் போனதும் அக்கா சொன்னார்: "மாடில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. வந்து இருந்துக்கோ. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், முன்பக்கச் சொவத்துல சாஞ்சிடாதே."

பெட்டியோடு போய் இறங்கிய அன்றே சாய்ந்துவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது முழங்கையை ஊன்றினேன். தோல் சீவிக்கொண்டு போனது. அக்கா உள்ளேயிருந்து தேங்காய் எண்ணெயோடு வந்தார். அந்த வீட்டில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வாசல் ஜன்னலிலேயே இருக்கும். பால்காரர், கேஸ் கொண்டுவருபவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று அந்தச் சுவரில் உரசாதவர்கள் குறைவு.

அதைச் சுவர் என்று சொல்வதைவிடக் கல் தோல் போர்த்திய சுவர் என்று சொல்லலாம். சிமென்ட்டோடு பொடிச் சல்லியைக் கலந்து, கரண்டியால் வீசி வீசி அடிக்கிற பூச்சு. வெளிப்பக்கம் முழுவதும் முள்ளு முள்ளாக நிற்கும். எண்பதுகளில் நம் பக்கத்தில் புதிதாக வீடு கட்டிய பலருக்கும் அது ஆசை. உங்களில் சிலர் வீடுகளிலும் இருக்கும். எஸ்தர் அக்காவின் கணவர் தேவராஜ் அண்ணன் அப்போது ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஏதோ ஒரு பங்களாவுக்கு மோட்டார் பார்க்கப் போனவர் அங்கே அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டு முகப்புக்கும் அதுதான் வேண்டும் என்று நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முனுசாமி மேஸ்திரியோடு சேர்ந்து தானே வீசி அடித்திருக்கிறார்.

"பாத்தியாம்மா? ஒவ்வொரு கல்லும் தனித்தனியா நிக்குது பாரு. இந்த பால்கனிக்குக் கீழ இருக்கறது பூரா என் கை" என்று என்னிடமும் காட்டினார்.

"ஆமா, அவரு கைதான். அதுக்கு மேல படியுற தூசி பூரா என் கை" என்றார் அக்கா.

நான் போனபோது அண்ணனுக்கு வேலை இல்லை. ஆஸ்துமா முற்றி, கடுமையான வேலை கூடாது என்று டாக்டர் சொல்லி, வீட்டோடு இருந்தார். முன்னறையில் அவருடைய கட்டில். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் பேசுவார். அந்த ஜன்னல் அவருடைய உத்தியோகம் என்று அக்கா சொல்வார்.

கிழக்குப் பார்த்த வீடு. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்துதான் சாய்த்து அடிக்கும். வழவழப்பான சுவரில் விழுகிற தண்ணீர் வழிந்து கீழே போய்விடும். இந்தச் சுவரில் ஒவ்வொரு கல்லின் தோளிலும் கொஞ்சம் தங்கும். வீடு இருப்பது பழைய ஏரிக்கரையை ஒட்டிய மண். கோடையில் இறுகி, மழையில் உப்பும். அதோடு சேர்ந்து சுவரும் மெல்ல அசையும். பூச்சில் மயிரிழை போல விரிசல் விடும். சல்லிக்கு நடுவில் அந்த விரிசல் கண்ணுக்கே தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். உள்ளே இறங்கிவிடும், திரும்பி வர வழி இருக்காது.

மழை பிடித்த சில நாட்களில் முன்னறைச் சுவர் உட்பக்கமாக அப்பளம் போலக் கொப்பளிக்கும். உப்பு பூக்கும். தொட்டால் மாவாக உதிரும். அறை முழுக்க நனைந்த கோணிப்பை வாடை. அண்ணன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பார். மூச்சு இழுக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும். அக்கா எழுந்து வெந்நீர் வைப்பதும், கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துவதும் கேட்கும். காலையில் அதே அக்கா பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, ரயில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிப்பார். தலைப்பு எழுத்துகளில் தப்பு வரும். தாளை உருவிச் சுருட்டிப் போட்டுவிட்டு, "தூங்கினேன். அதான்" என்பார். யாரும் கேட்காமலேயே சொல்வார்.

இங்கே கிறிஸ்மஸ் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அதற்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாக வேண்டும். மழை கொஞ்சம் விட்டதும், சுவர் கறுத்து நிற்கும்போதே, மேஸ்திரி வந்துவிடுவார். முன்வாசலில் ஸ்டார் தொங்க வேண்டும். பின்னால் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும். அந்த வருடத்தில் சாவு விழுந்த வீடுதான் அடிக்காமல் விடும். ஆகவே மழையில் ஊறிய சுவரின் மேல், அது காய்வதற்குள், வருடா வருடம் பெயின்ட் ஏறிவிடும். பொங்கலுக்கு அடிக்கிறவர்களுக்காவது சில வாரம் வெயில் கிடைக்கும். எங்கள் தெருவில் கிறிஸ்மஸ் வீடுகள்தான் அதிகம்.

முனுசாமி மேஸ்திரி நல்ல மனிதர். முதல் வருடம் நான் பார்க்கும்போது கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த வாட்டி டபுள் கோட்டு எனாமல் குட்த்துர்லாம் மேடம். தண்ணி இன்னா, காத்துகூட உள்ள வராது."

"அடிங்க மேஸ்திரி. ஒரு சொட்டு உள்ள வரக் கூடாது" என்றார் அண்ணன் ஜன்னலிலிருந்து. பாசித் தூசி போய் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அக்கா ஜன்னலைச் சாத்தினார். அந்தச் சல்லிச் சந்துகளுக்குள் பெயின்ட் போய்க்கொண்டே இருந்தது; டப்பா டப்பாவாகக் குடித்தது. அடித்து முடித்ததும் அக்கா ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார், தரையில் சொட்டியதைச் சுரண்டினார், வேலையாட்களுக்குத் தேநீர் போட்டார், பிறகு கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு மாவு பிசைந்தார்.

அடுத்த வருடம் மழை கூடுதல். போன வருடத்து எனாமல் தகடு தகடாக உரிந்து தொங்கியது. உள்ளே ஒரு சட்டியில் வைத்த தண்ணீர் போல அதன் பின்னால் ஈரம் நின்றது. கையால் பிய்த்தால் துணி கிழிவது போல வந்தது. அக்கா தொங்கியதையெல்லாம் பிய்த்துப் போட்டார். கீழே விழுந்ததை நான் கூடையில் அள்ளினேன். டிசம்பர் பிறந்ததும் வழக்கம் போல மேஸ்திரி வந்து கேட்டில் நின்றார். அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"இன்னா கலர் மேடம் இந்த வருஷம்?"

"ஒண்ணும் வேண்டாம் மேஸ்திரி."

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "யாரு எஸ்தரு? முனுசாமியா? போன வருஷத்து கிரீமே இருக்கட்டும்னு சொல்லு."

"வேண்டாம்னு சொல்லிட்டேங்க."

"என்ன வேண்டாம்?"

"பெயின்ட்டு."

இருமிக்கொண்டே அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். "கிறிஸ்மஸுக்குப் பெயின்ட் அடிக்காம விடறதா? ஏன், இந்த வீட்டுல யாரு செத்துட்டாங்க?"

"நான்தான். பாதி செத்துட்டேன். மீதிய வச்சுக்கிட்டு அதைத் தேய்ச்சு, இதைத் தொடைச்சு, ராத்திரி உங்களுக்கு வெந்நீர் வச்சு, காலைல ஆபீஸ் போக என்னால முடியல. இந்த வருஷம் சொவரும் சும்மா இருக்கட்டும், நானும் சும்மா இருக்கேன்."

குரலை உயர்த்தவே இல்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன். "நான் அப்பால வர்றேன் மேடம்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கிறிஸ்மஸ் அந்த வீட்டுக்கு லேசாக இல்லை. தெரு முழுக்கப் புதுச் சுவர்கள். நடுவில் கறுப்பும் பச்சையுமாக, சொறி பிடித்தது போல எங்கள் முகப்பு. சர்ச்சிலிருந்து பெரியவர் ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி, குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாரும் நல்லாத்தானே...?" என்று இழுத்தார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஜன்னலுக்கு வருவதை நிறுத்தினார். அக்காவோடு பேச்சும் இல்லை. சாப்பாடு வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு, "கீழ சொல்லிடும்மா" என்பார். கீழேதான் இருவரும் இருந்தார்கள். நான்தான் மாடி.

அண்ணனின் மூத்த சகோதரி பாக்கியம் பல்லாவரத்திலிருந்து கேக்கோடு வந்தார். வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"ஊரே பளபளன்னு இருக்கு. என் தம்பி வீடு மட்டும் அழுமூஞ்சியா நிக்குது."

"அழுது முடிக்கட்டும் அண்ணி. பாதியில வாயப் பொத்தினா விக்கல்தான் வரும். உள்ள வாங்க" என்றார் அக்கா.

அவர் அப்போது எதையும் கண்டுபிடித்திருக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு பலரும் எஸ்தர் முன்யோசனையோடு செய்தார் என்று பேசினார்கள். முன்யோசனை ஒன்றும் இல்லை. அசதி. அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்து ஒரு காலை நான் கீழே இறங்கி வந்தபோது அக்கா முன்னறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். கட்டிலில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து இல்லை. படுத்து, ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து. அந்த வீட்டில் ஜனவரியில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

"தொட்டுப் பாரு" என்றார் அக்கா மெதுவாக.

தொட்டேன். சுவர் காய்ந்திருந்தது. உப்புப் பொரிந்த தழும்புகள் அப்படியே இருந்தன, ஆனால் ஈரம் இல்லை. வாடையும் குறைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தோம். கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்திருந்தது. பெயின்ட் உரிந்த இடங்களில் காலை வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

அக்கா படியில் உட்கார்ந்துகொண்டார். "நனைஞ்ச துணிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிச்சுப் போட்டா நாறாம என்ன பண்ணும்? அதைத்தான் வருஷா வருஷம் பண்ணியிருக்கோம். அதுவும் பண்டிகைக்கு." சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

பிறகு விரல் மடித்துச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் கெட்டியாக ஒலித்தது. பால்கனிக்குக் கீழே, அண்ணனின் கை என்று சொல்லப்பட்ட பகுதி முழுவதும் காலி டப்பாவைத் தட்டியது போல ஒலித்தது. பூச்சு செங்கல்லை விட்டு எப்போதோ விலகியிருந்தது. விரிசலை அடைத்துப் பார்க்கலாம் என்று மேஸ்திரி சொன்னார்; ஓரிடத்தில் அடைத்தும் காட்டினார். அந்தத் திட்டு புண்ணுக்குப் போட்ட பிளாஸ்திரி போலத் தனியாகத் தெரிந்தது. அதன் ஓரத்திலேயே அடுத்த விரிசல் கிளம்பியது. அடுத்த மழைக்குள் அந்தக் கல் பூச்சு முழுவதையும் பெயர்த்து எடுத்தால்தான் உண்டு என்று அக்கா முடிவு செய்தார்.

முடிவு செய்வது சுலபம். அதை அண்ணனிடம் யார் சொல்வது?

அக்காதான் சொன்னார். நான் அறையில் இருந்தேன். வெளியே போக எழுந்தேன், "இரும்மா" என்று அக்காவே சொன்னார்.

"அதப் பேக்கறதுன்னா என்னையும் சேத்துப் பேத்துடு" என்றார் அண்ணன். "நான் இந்த வீட்டுக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். மீதியெல்லாம் உன் சம்பளம், உன் லோன், உன் ஓட்டம். தெருவுல போறவன் நின்னு பாக்கறது அதைத்தான். அதையும் எடுத்துட்டா நான் இங்க யாரு?"

அக்கா அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு இருக்கறது ஒரு ஒடம்பு. உங்களை உள்ள மூச்சு விட வைக்கறதா, அதை வெளிய நிக்க வைக்கறதா? ரெண்டுத்துக்கும் தெம்பு இல்லங்க. பல வருஷம் ரெண்டையும் பாத்தேன். இனிமே ஒண்ணுதான். எதுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொவர்னு சொன்னாலும் நான் சண்டை போட மாட்டேன். அதுக்கும் தெம்பு இல்ல."

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூச்சு அன்று சீராகத்தான் இருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கும்.

பதில் உடனே வரவில்லை. சில வாரங்கள் கழித்து, கோடை விடுமுறை தொடங்கும் சமயம், ஒருநாள் காலை அவரே ஒரு பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "பேக்கறப்ப நான் பாக்க மாட்டேன். பல்லாவரத்துல எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுடு" என்றார். எஸ்தர் அக்கா ஆட்டோ பிடிக்கப் போனார். அண்ணனை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண்கள் சிவந்திருந்தன.

பழைய பெயின்ட் உரியாமல் ஒட்டியிருந்த இடத்தில் உளி வைத்து இரண்டு தட்டு தட்டினால் பாய் அளவுக்கு ஒரு துண்டு விழுந்தது. சித்திரை வெயிலில், அதற்குப் பின்னால் செங்கல் கறுத்து ஈரமாக இருந்தது. ஒரு விரிசலுக்குள் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. பூரான்கள் ஓடின. முனுசாமி மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா மேடம், கோடையில இவ்ளோ ஈரம் கீது."

"நீங்க டபுள் கோட்டு போட்டுப் பத்திரமா வச்ச ஈரம் மேஸ்திரி."

அவர் தலையைச் சொறிந்தார். "நான் வெளிய இர்ந்து வர்றதத்தான் பாத்தேன் மேடம். உள்ள கீறத யாரு பாத்தா?"

செங்கல் முழுவதும் காயும் வரை அப்படியே திறந்து போட்டார்கள். பிறகு சாதாரண வழவழப்பான பூச்சு, ஜன்னலுக்கு மேலே சற்று அகலமான சன்ஷேடு, மேலே சுண்ணாம்பு. அண்ணன் திரும்பி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று நெடுநேரம் பார்த்தார்.

"கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். அங்க எல்லாரும் நல்லாத் தூங்கறாங்களாம். நீங்களும் போய்த் தூங்குங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். பெயின்ட் நின்றுபோன அந்த டிசம்பருக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஆஸ்துமா போகவில்லை, மழைக்காலத்தில் படுத்துத் தூங்கும் அளவுக்குக் குறைந்தது. புதுப் பூச்சிலும் விரிசல் விட்டது. நம் மண்ணில் எந்தப் பூச்சும் அப்படித்தான். வழவழப்பான சுவரில் அது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆகவே மழைக்கு முன்பே அக்கா சிமென்ட்டைக் குழைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு விரிசல் விரிசலாகத் தேடி அடைப்பார். சுண்ணாம்பு அடிப்பது மழையெல்லாம் முடிந்து, சுவர் காய்ந்து, மாசி பிறந்த பிறகுதான். கிறிஸ்மஸ் அன்று அந்த வீடு எப்போதும் கொஞ்சம் அழுக்காகவே இருந்தது. தெருவும் பழகிக்கொண்டது.

என் அப்பா அம்மா பெருங்களத்தூருக்குக் குடிவந்த பிறகு நானும் அவர்களோடு போய்விட்டேன். அலுவலகத்தில் மட்டும் பக்கத்துப் பக்கத்து மேசையாகத் தொடர்ந்தோம், அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை வரை.

அடக்க ஆராதனையில் பலரும் நன்றாகப் பேசினார்கள். களைப்பே அறியாதவர் என்றார் ஒருவர். ஒருநாளும் முகம் சுளிக்காதவர் என்றார் இன்னொருவர். அவர்கள் அன்பில் சொன்னார்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது அவர் இல்லை. எஸ்தர் அக்கா நன்றாகக் களைத்தவர். களைப்பை வாய்விட்டுச் சொன்னவர். சொல்லியிருக்காவிட்டால் அந்த டிசம்பரிலும் சுவரில் பெயின்ட் ஏறியிருக்கும். தேவராஜ் அண்ணன் இன்று நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

அண்ணனின் அக்கா மகன் ஒருவர், நினைவு ஜெபக் கூட்டத்துக்கு நிறையப் பேர் வருவார்கள், அதற்குள் முன்பக்கம் ஒரு கோட்டு அடித்துவிடலாமா மாமா என்று கேட்டார். மழை அப்போதும் தூறிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்பா" என்றார் அண்ணன். "வர்றவங்க சொவரப் பாத்துட்டுப் போகட்டும். அவ செஞ்சது அது."

நான் படித்தவள் என்று சொல்லப்படுகிறவள். என் அம்மா கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமந்து என்னைப் படிக்க வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே வேலை செய்கிற எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று சொல்ல எந்த உரிமையும் இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். யார் எதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாலும், "சரி சார், சரி மேடம்." வீட்டில் கேட்டால் ஒன்றுமில்லை. காய்ச்சல் இருந்தாலும் ஒன்றுமில்லை.

போன வாரம் கரஸ்பாண்டன்ட் சார் கூப்பிட்டார். எஸ்தர் மேடம் இடத்துக்கு இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை, இரண்டு மேசையையும் நீயே பார்த்துக்கொள், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. என்னிடம் கேட்டால் சரி என்றுதான் வரும் என்பது இந்தப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்தது.

இரண்டு கையையும் மேசைக்குக் கீழே கோத்துக்கொண்டேன்.

"என்னால முடியாது சார்" என்றேன். "ஒரு மேசைதான் பாக்க முடியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அதற்குக் காரணம் எதுவும் சேர்க்கவில்லை. எஸ்தர் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். இனி அது என்னுடையது.